பர்சிலாவைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆளுக்குப் பிறந்தநாள் வந்தால் காலேபிடமிருந்து தப்ப முடியாது. ஞாயிறு ஆராதனையின் நடுவில், அந்த வாரம் பிறந்தநாளும் திருமணநாளும் காண்கிறவர்களை முன்னால் கூப்பிடுவார்கள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போய் நிற்போம். சமீபத்தில் நான் நின்றபோது இடது பக்கம் ஒரு யு.கே.ஜி. பையன், வலது பக்கம் கல்யாணமாகி முதல் வருடத்தை முடித்த ஜோடி. ஐயர் (நெல்லைப் பக்கம் சபைப் போதகரான சேகரகுருவை அப்படித்தான் சொல்வோம்) பையன் தலையில் கைவைத்து, சாமுவேலைப் போல வளர வேண்டும் என்று ஜெபித்தார். ஜோடிக்கு வேதத்துத் தம்பதியான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கிடைத்தார்கள். என் முறை வந்தது. "எண்பத்தைந்து வயதிலும் காலேபுக்கு இருந்த பெலனை இந்தச் சகோதரனுக்கும் கட்டளையிடும்." பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு எண்பத்தைந்து என்று முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது.

காலேபின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. யோசுவாவின் புத்தகத்தில் அந்த மனுஷன் வந்து நின்று பேசுகிற இடம் கம்பீரமானதுதான். நாற்பது வயதில் கானானை வேவு பார்க்கப் போனவர், நாற்பத்தைந்து வருடம் கழித்து வந்து, அன்றைக்கு இருந்த பெலன் இன்றைக்கும் இருக்கிறது, யுத்தத்துக்குப் போகவும் வரவும் தயார், அந்த மலைநாட்டை எனக்குத் தாரும் என்று கேட்கிறார். மலையில் இருந்தவர்களோ ஏனாக்கியர் என்ற இராட்சதர்கள். கேட்டபடியே எபிரோனை வாங்கி, அவர்களைத் துரத்தியும் விட்டார். சரி. ஆனால் எனக்கு நாற்பதில் இருந்த பெலனே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதைப் பத்திரமாக எண்பத்தைந்துவரை கொண்டுபோய் என்ன செய்ய?

சிரிப்பாக ஆரம்பித்தாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. பிறந்தநாள் என்றால் வயதானவர்களிடம் நாம் சொல்வதெல்லாம் "உங்களுக்கு வயதே ஆகவில்லை" என்பதைத்தான், வேறு வேறு மாதிரி. "பார்த்தா தெரியவே இல்லையே", "இன்னும் இளைஞர்தான்", "வயசு வெறும் நம்பர்". நான் கணக்கு வாத்தியார். நம்பரை யாராவது 'வெறும்' என்று சொன்னாலே எனக்குப் பிடிக்காது. அது போகட்டும். வயதாகாமல் இருப்பதுதான் ஆசீர்வாதம் என்றால், வயதாவதை என்னவென்று சொல்வது? வருடத்துக்கு ஒருமுறை பீடத்துக்கு முன்னால் போய் நின்று எதற்கு நன்றி சொல்கிறோம்?

பேக்கரிக்காரரின் கதி

வேதத்தில் பிறந்தநாள் விருந்து என்று தெளிவாகச் சொல்லப்பட்டவை இரண்டு. ஒன்று ஆதியாகமத்தில் பார்வோனுடையது. அன்றைக்கு அவன் தன் பானபாத்திரக்காரர் தலைவனுக்கு மறுபடியும் வேலை கொடுத்தான். சுயம்பாகிகளின் தலைவனைத் தூக்கிலே போட்டான். அதாவது, பிறந்தநாளும் அதுவுமாக அரண்மனை பேக்கரிக்காரருக்கு மரண தண்டனை. இன்னொன்று சுவிசேஷத்தில் ஏரோதுடையது. அந்த விருந்தில் ஒரு பெண் ஆடினாள், ராஜா வாய்விட்டு ஆணையிட்டான், தட்டில் யோவான்ஸ்நானனின் தலை வந்தது. இரண்டு விருந்து, இரண்டு கொலை. இதையும் ஒரு காரணமாகக் காட்டித்தான் யெகோவாவின் சாட்சிகள் பிறந்தநாளே கொண்டாடுவதில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் என்ற வேத அறிஞர் இதைக் கவனித்துக் குறை சொல்லியிருக்கிறார். பக்திமான்கள் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். யோபு தான் பிறந்த நாளைச் சபித்தார், எரேமியாவும் சபித்தார். பிறந்த நாளைவிட மரண நாள் நல்லது என்று பிரசங்கியின் புத்தகத்தை எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். இவர்கள் யாரையும் கேக் வெட்டக் கூப்பிட முடியாது.

ஆதித் திருச்சபையும் பரிசுத்தவான்கள் செத்த நாளைத்தான் அவர்களுடைய பிறந்தநாள் என்று ஆசரித்தது. சிமிர்னா நகரத்தின் கண்காணியார் (பிஷப்) போலிக்கார்ப்பைச் சுட்டெரிப்பதற்கு முன்னால், கிறிஸ்துவை மறுதலித்தால் விட்டுவிடுகிறேன் என்று அதிபதி சொன்னான். 86 வருடம் அவரைச் சேவித்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் ராஜாவை நான் எப்படித் தூஷிப்பேன் என்று கேட்டார் கிழவர். வயதைப் பற்றி ஒரு கிறிஸ்தவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அது. தனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று அவர் பேசவில்லை. எத்தனை வருடம் யாரோடு இருந்தேன் என்பதுதான் அவருடைய கணக்கு.

ஆயுசை நீட்டித் தரச்சொல்லிக் கேட்டு வாங்கியவர் ஒருவர் உண்டு, எசேக்கியா ராஜா. சாகப்போகிறாய் என்று தீர்க்கதரிசி சொன்னதும் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். 15 வருடம் கூடக் கிடைத்தது. அந்த உபரிக் காலத்தில்தான் பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் பெருமையாகத் திறந்து காட்டினார். பின்னால் எல்லாம் அந்த ஊருக்கே போய்ச் சேரும் என்று ஏசாயாவிடம் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த மனாசேக்கு அப்போது வயது 12. கழித்துப் பார்த்தால், யூதாவின் ஆகக் கெட்ட ராஜாக்களில் ஒருவன் அந்த 15 வருடத்துக்குள் பிறந்தவன். நீடிய ஆயுசுக்காக ஜெபிக்கும்போது நான் இந்தக் கழித்தலை நினைத்துக்கொள்வதுண்டு.

என் சொந்தப் பிறந்தநாளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் பலூனும் வசனமும் போட்ட படங்கள் வந்து குவிந்தன. மனைவி வசனப் பெட்டியை நீட்டி ஒரு சீட்டு எடுக்கச் சொன்னாள். முதிர்வயதிலும் கனிதந்து புஷ்டியும் பசுமையுமாயிருப்பார்கள் என்று சங்கீதம் வந்தது. அதில் புஷ்டி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது; டாக்டர் அதைத்தான் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதே வாரம் பல் டாக்டரிடம் போய் இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்துவிட்டு வந்தேன். பிரசங்கியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் முதுமையை ஒரு பழைய வீடாக வைத்துச் சொல்லியிருப்பார்களே, காவலாளிகள் தள்ளாடுவார்கள், ஏந்திரம் அரைக்கிறவர்கள் கொஞ்சமாகி ஓய்ந்துபோவார்கள், பலகணி வழியாய்ப் பார்க்கிறவர்கள் இருண்டுபோவார்கள் என்று. கை, பல், கண். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அறுபதை எட்டினால் ரயில் டிக்கெட்டில் ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி என்ற ஓர் ஆறுதல் இருந்தது. அதையும் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். லோயர் பெர்த் மட்டும் பாக்கி.

இரண்டு பிறந்தநாள் உள்ளவர்

இதெல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு எண்பது வந்தது. மெஞ்ஞானபுரம் பக்கம் எங்கள் ஊர். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1945 ஆகஸ்ட் என்று அந்தக் காலத்து ஐயரின் சாய்ந்த எழுத்தில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை ஆரம்பமானது 1947 செப்டம்பர் 27. ஆக, அம்மா தன் சபையைவிட இரண்டு வயது மூத்தவர். சபை நிர்வாகத்தில் ஏதாவது சண்டை என்று செய்தி வந்தால், "சின்னப்பிள்ளையில இருந்தே அது அப்படித்தான்" என்பார்.

சர்ட்டிபிகேட்டில் பிறந்த தேதி வேறு: 1946 ஜூன் 1. அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த எல்லாரும் ஏறக்குறைய ஒரே நாளில் பிறந்தவர்கள்தாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும், ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், வாத்தியார் அதற்குத் தோதாக ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அதனால்தான் வருடா வருடம் மே கடைசியில் அரசு அலுவலகங்களில் ஓய்வுபெறுகிறவர்களுக்கு மாலை வாங்கி மாளாது. அம்மா டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது முடிந்தால் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். கர்த்தருக்கு முன்பாக எண்பது முடிந்துவிட்டது. கருவூலத்துக்கு முன்பாக முடியவில்லை. "பரலோகத்துல ஒரு கணக்கு, ட்ரெஷரியில ஒரு கணக்கு. ஜூன் வரைக்கும் நான் உசுரோட இருந்தாகணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்தோத்திரக் கூட்டத்துக்கே சம்மதித்தார். வருடத்துக்கு ஒருமுறை உயிரோடிருக்கிறோம் என்று காட்டும் நேர்காணலில் அவர் விரல் ரேகை பதிவதில்லை. நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்ததும் அதற்குமேல் பாத்திரம் தேய்த்ததும் சேர்ந்து அதை அழித்துவிட்டன. கருவிழியைக் காட்டித்தான் அவர் உயிரோடிருக்கிறார்.

கூட்டம் வீட்டு முற்றத்தில். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, முதலூர் மஸ்கோத் அல்வா, ராத்திரிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து, ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்லி, கணவனும் மனைவியுமாக அம்மா காலில் விழுந்தார்கள். ஐயர் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா இரண்டு பேர் தலையிலும் கைவைத்து, சத்தமாக, இயேசுவின் நாமத்திலே ஆசீர்வதித்தார். அவர்களுக்கும் திருப்தி, ஐயருக்கும் திருப்தி. நான் பழக்கதோஷத்தில் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள், எண்பது வருடமும் பத்து மாதமும் வருகிறது. அம்மாவுக்கு இன்னும் பத்துப் பிறை பாக்கி. இதை அண்ணாச்சியிடம் சொல்ல வாயெடுத்தபோது மனைவி முறைத்தாள்.

அப்புறம் ஜெபம். எனக்குத் தெரிந்தபடியே நடந்தது. காலேப் வந்தார். எண்பத்தைந்து என்ன, நூறு வயதுவரை, கண் இருளடையாமல், பெலன் குறையாமல் என்று மோசேயையும் சேர்த்துக்கொண்டு ஐயர் நீளமாக ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னோம். அம்மா மட்டும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை, இருந்த இடத்திலிருந்தே, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார்.

"ஐயா, உங்க ஜெபத்துக்கு ஸ்தோத்திரம். ஆனா எனக்கு மலையெல்லாம் வேண்டாம். மாடிப்படி ஏறவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கு. காலேபு கேட்டாரு, அவருக்குக் கிடைச்சுது. நான் கேக்கல. வேதத்துல பர்சிலான்னு ஒருத்தரு உண்டு. அவருக்கும் எண்பது வயசுதான். நான் பாவாடை சட்டை போட்ட நாள்ல இருந்து கோயிலுக்கு வாரேன், ஒரு ஐயரும் அவரைப் பத்திப் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்ல. நீங்களாச்சும் ஒருநாள் பண்ணுங்க."

அவ்வளவு சொல்லிவிட்டு, மடியிலிருந்த நீல அட்டை நோட்டை எடுத்து, கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு முப்பதுகூட இருக்காது, பி.காம். படித்துவிட்டு உடன்குடியில் வேலை பார்க்கிறவள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொருளாளராக அம்மா எத்தனையோ வருடமாக வைத்திருந்த கைப்பிடி அரிசிக் கணக்கு நோட்டு அது. சோறு வடிக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைப்பது, அதைச் சேர்த்து ஏலம் விடுவது, பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவது. 1903இல் பாளையங்கோட்டையில் நம்மவர்களே ஆரம்பித்த இந்திய மிஷனெரி சங்கம் போன்றவையெல்லாம் இந்தக் காசில்தான் ஓடின. நோட்டை அந்தப் பெண் கையில் கொடுத்து, "இனி நீ பாரு" என்றார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "டீச்சர், நீங்க இன்னும் நல்லாத்தான் இருக்கீங்க, நீங்களே பாருங்க" என்றார்கள். அம்மா அசையவில்லை. "கூட்டல் தப்பு வருதுட்டீ" என்றார். கணக்கு வாத்தியாரின் அம்மா, தான் கூட்டுவதில் தப்பு வருகிறது என்று எண்பதாவது பிறந்தநாளில் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

இனி ருசி தெரியுமோ

அன்று ராத்திரி நாற்காலிகளை அடுக்கி முடித்தபின் இரண்டாம் சாமுவேலை எடுத்துப் பார்த்தேன். பர்சிலா கீலேயாத்துக்காரர், ரோகிலிம் ஊர், பெரிய பணக்காரர். தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் தகப்பனுக்கு விரோதமாக எழும்பி, தாவீது எருசலேமை விட்டு ஓடி, யோர்தானைக் கடந்து மக்னாயீமுக்கு வந்து சேர்ந்தபோது, சாமான்களோடு வந்து நின்ற மூன்று பேரில் ஒருவர். என்னென்ன வந்தது என்று வேதம் ஒரு பலசரக்குச் சீட்டே எழுதி வைத்திருக்கிறது. மெத்தை, கலம், மண்பாண்டம், கோதுமை, மாவு, பயறு, தேன், வெண்ணெய், ஆடு, பால்கட்டி. ஜனங்கள் பசியும் இளைப்பும் தாகமுமாயிருப்பார்கள் என்று நினைத்துக் கொண்டுவந்தார்களாம். முதலில் மெத்தை வருகிறது. ஓடிவந்தவனுக்குச் சோற்றுக்கு முன்னால் படுக்க இடம் வேண்டும் என்பது வயதானவருக்குத்தான் தோன்றும்.

சண்டை முடிந்து தாவீது திரும்புகிறபோது, என்னோடுகூட எருசலேமுக்கு வாரும், உம்மை நான் பராமரிப்பேன் என்று பர்சிலாவைக் கூப்பிடுகிறார். ராஜா கூப்பிட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? பர்சிலா சொல்கிறார். எனக்கு எண்பது வயதாகிறது. நல்லது எது கெட்டது எது என்று இனிமேல் எனக்குப் பகுத்துப் பார்க்க வருமோ? தின்பதும் குடிப்பதும் எனக்கு ருசிக்குமோ? பாட்டுக்காரர் பாட்டுக்காரிகளின் சத்தத்தை இனி நான் கேட்கக்கூடுமோ? நான் உமக்கு ஏன் பாரமாயிருக்க வேண்டும்? யோர்தான்வரைக்கும் கொஞ்ச தூரம் கூட வருகிறேன். அப்புறம் என் ஊருக்குப் போய், என் தாய்தகப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் சாகிறேன். இதோ கிம்காம் இருக்கிறான், அவனைக் கூட்டிக்கொண்டு போய், உமக்கு நலமாய்த் தோன்றுகிறபடி அவனுக்குச் செய்யும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த மூன்று கேள்விகளும்தான். அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை, புலம்பவும் இல்லை. நாக்கு போயிற்று, காது போயிற்று, அரண்மனை விருந்தையும் கச்சேரியையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்கும்போது கிழவர் லேசாகச் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன். தாவீதும் சிரித்திருப்பார், அவரே வீணை வாசிக்கிற ஆள். முத்தம் கொடுத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை, வற்புறுத்தவும் இல்லை. தான் சாகப்போகும்போது சாலொமோனிடம், பர்சிலாவின் பிள்ளைகளைக் கவனித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஏறக்குறைய நானூறு வருடம் கழித்து எரேமியாவின் புத்தகத்தில் பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிம்காமின் பெயரால் வருகிறது. கிழவர் போகாமல் விட்ட இடத்துக்கு அனுப்பப்பட்ட பையன், அங்கே காணி பூமியோடு நிலைத்துவிட்டான் போலும்.

காலேப் எண்பத்தைந்தில் மலையைக் கேட்டதும் விசுவாசம்தான், மறுக்கவில்லை. பர்சிலா எண்பதில் ராஜாவின் பந்தியை வேண்டாம் என்றதும் விசுவாசம்தான் என்று நான் வாதாடுவேன். கேட்டுப் பெறுகிற விசுவாசம் மேடையில் நன்றாக எடுபடும். எனக்கு இது போதும், அடுத்தவனை அனுப்புகிறேன் என்பது எடுபடாது. அதனால்தான் முன்னவருக்குப் பிரசங்கம் கிடைக்கிறது. எங்கள் ஐயரிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். "பாக்கலாம் சார், இப்போ அசன விருந்து வருது, அது முடிஞ்சா ஆலயப் பிரதிஷ்டை" என்றார். நல்ல மனுஷன். அவருக்கு முப்பத்தாறு வயது.

பாரமா, இல்லையா

இவ்வளவு சொன்ன பிறகும் பர்சிலாவோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'நான் ஏன் பாரமாயிருக்க வேண்டும்' என்ற அந்த ஒரு வரி. நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கைகால் விழாமல் போய்ச் சேர வேண்டும், யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது. பெரும்பாலும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அதில் கொஞ்சம் வீம்பும் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கொடுத்தே பழகின கை, நீட்டுவதற்குக் கூசுகிறது. ஏசாயாவின் நாற்பத்தாறாம் அதிகாரத்தில், நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன் என்று கர்த்தர் சொல்வதைப் பிறந்தநாள் அட்டைகளில் போடுவார்கள். அதற்கு மூன்று வசனம் முன்னால் இருப்பதைப் போடமாட்டார்கள். பாபிலோனின் தெய்வங்களான பேலையும் நேபோவையும் மிருகங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், மிருகங்கள் களைத்துப்போகின்றன. சுமக்கப்படுகிற சாமி, சுமக்கிற சாமி என்று இரண்டு வகை. நான் இரண்டாவது வகை என்கிறார் கர்த்தர். அப்படியானால் பாரமாயிருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லையே. உயிர்த்த பிறகு இயேசு பேதுருவிடமும் இதைத்தான் சொன்னார். இளவயதில் நீயே அரைகட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாய். முதிர்வயதில் கையை நீட்டுவாய், வேறொருவன் உனக்குக் கட்டிவிடுவான். அது அவர் எப்படிச் சாவார் என்பதைக் குறித்துச் சொன்னது என்று அங்கேயே எழுதியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அம்மாவுக்குச் செருப்பு வாரை மாட்டிவிடக் குனிகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வருகிறது.

இந்த வழக்கை எனக்குப் பதிலாக மனைவி பேசி முடித்தாள். கூட்டம் முடிந்த மறுவாரம், காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு. அம்மா வழக்கம்போல, "எதுக்கு வீண் செலவு, நான் யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது" என்றார். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, "அத்தை, பாரமா இல்லையான்னு நாங்கல்லா சொல்லணும்? நீங்களே சொல்லிக்கிட்டா எப்படி?" என்றாள். அம்மாவுக்கு இது புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்போ நீயே சொல்லு, பாரமா இருக்கேனா?" என்று கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது. மனைவி கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் பாரம்தான்" என்றாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. நானும் சிரித்தேன், ஆனால் அவர்கள் அளவுக்கு என்னால் முடியவில்லை. அன்றைக்கு அப்புறம் 'பாரம்' என்ற பேச்சை அம்மா எடுப்பதில்லை. குளிக்க வெந்நீர் வேண்டும் என்றால், வெந்நீர் போடு என்று நேராகக் கேட்கிறார்.

காது மெஷினும் வந்துவிட்டது. முதல் ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். ரொம்ப வருடத்துக்குப் பிறகு பாடகர் குழுவின் நான்கு குரலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறது. வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "இதுக்குக் கேக்காமலே இருந்திருக்கலாம்" என்றார். இப்போது பாமாலைக்குப் போட்டுக்கொள்கிறார், ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி அரைமணி தாண்டினால் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிடுகிறார். பர்சிலாவுக்கு இந்த வசதி இருந்திருந்தால் எருசலேமுக்குப் போயிருப்பாரோ என்னவோ.

கைப்பிடி அரிசிக் கணக்கைப் புதிய பொருளாளர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் நோட்டு மொத்தமும் சுருக்கெழுத்து. எந்த வீடு, எந்த வாரம் என்று அவரைத் தவிர யாருக்கும் புரியாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போன் வரும், அம்மா மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். போன வாரம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "டீச்சர், செப்டம்பர்ல எட்டு ரூபா இடிக்குது." அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "கடைக்காரன் சில்லறை இல்லன்னு எட்டு மிட்டாய் தந்தாம்லா, அது." "மிட்டாய் எங்க டீச்சர்?" "தின்னுட்டேன். பொருளாளர் தின்னதுன்னு எழுதி, மொத்தத்தைச் சரிபண்ணு. எட்டு ரூபாயை நாளைக்குக் கோயில்ல தாரேன்."